சிமுலேஷன்னா வெறும் கலர் படம் தானா? மகேந்திரகிரி ராக்கெட் எஞ்சின்ல இருந்து சைக்கிள் ரேஸ் வரைக்கும்

தம்பி, நீ கேட்டது ரெண்டு விஷயம். காலேஜ் லேப்ல ஒரு பீம்ம வரைஞ்சு லோடு குடுத்து செவப்பு பச்சை நீலம்னு படம் எடுக்கோமே, இத வச்சு நெசமாவே ராக்கெட்லயும் ஸ்போர்ட்ஸ்லயும் புதுசா ஏதாவது பண்ணுதாங்களா, இல்ல ரிப்போர்ட்ல ஒட்டுறதுக்கு மட்டுந்தானான்னு ஒண்ணு. வள்ளியூர் பக்கத்துல இருந்து மெக்கானிக்கல் படிக்க பையன் இதுல எங்கன ஆரம்பிக்கணும்ங்கிறது ரெண்டாவது. நான் ரொம்ப வருஷமா இதே வேலைலதான் இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்லுதேன், பொறுமையா படி.

முதல்ல என் கருத்த சொல்லிருதேன். சிமுலேஷன் வந்ததால டெஸ்ட் இல்லாம போயிடும்னு யாராவது சொன்னா நம்பாத. நூறு டிசைன கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்து அதுல எந்த ரெண்ட செஞ்சு பாக்கலாம், எந்த இடத்துல சென்சார் ஒட்டணும், எந்த இடத்துல அடி வாங்கும்னு காட்டுறதுதான் அதோட வேலை. டெஸ்ட்ல வந்த நம்பர் கணக்கோட ஒத்துப் போகலைன்னா ஏன் போகலைன்னு தோண்டுதாங்கல்லா, புதுசா ஒண்ணு கிடைக்கிறது பெரும்பாலும் அந்த எடத்துலதான்.

உள்ள என்னதான் நடக்குன்னு சுருக்கமா. காத்தோ தண்ணியோ எரியிற கேஸோ, ஓடுற எதுக்கும் நேவியர் ஸ்டோக்ஸ் சமன்பாடுதான் ஆதாரம். நேவியர் 1822லயும் ஸ்டோக்ஸ் 1845லயும் எழுதி வச்சது, இன்னைக்கு வரைக்கும் அதுக்கு பொதுவான தீர்வு காகிதத்துல கிடையாது, 2000ல கிளே இன்ஸ்டிட்யூட் அத ஒட்டின ஒரு கேள்விக்கு பத்து லட்சம் டாலர் பரிசு அறிவிச்சும் யாரும் வாங்கல. அப்போ எஞ்சினியர் என்ன செய்வான்? வயல வரப்பு கட்டி பாத்தி பாத்தியா பிரிக்கோம்லா, அந்த மாதிரி எஞ்சினுக்குள்ள இருக்க எடத்த லட்சக்கணக்கான குட்டி அறையா பிரிச்சு, ஒவ்வொரு அறைக்கும் உள்ள எவ்ளோ வருது வெளிய எவ்ளோ போகுதுன்னு கணக்கு போட்டு, பக்கத்து அறையோட சரி பாத்து, கணக்கு தீரும் வரை திரும்பத் திரும்ப ஓட்டுதான். இதுதான் சிஎஃப்டி, அதாவது ஓட்டத்த கம்ப்யூட்டர்ல கணக்கு போடுறது. இப்படி பிரிச்ச அறைக் கட்டத்துக்கு மெஷ்னு பேரு. இரும்பு, அலுமினியம், கார்பன் ஃபைபர் எப்படி வளையும் எங்க உடையும்னு பாக்குறது எஃப்இஏ, அதுக்கு அடிப்படை போட்ட ஆராய்ச்சிக் கட்டுரை 1956ல போயிங் விமான இறக்கைய வச்சுத்தான் வந்துச்சு, அதாவது நீ லேப்ல பண்ணுற பீமுக்கு மூதாதை ஒரு இறக்கை.

இனி நம்ம ஊர் விஷயத்துக்கு வாரேன். பணகுடி காவல்கிணறு பக்கம் போனா மலையடிவாரத்துல தெரியுற மகேந்திரகிரி இஸ்ரோ காம்ப்ளக்ஸ்ல என்ன நடக்குன்னு நம்ம ஆட்கள்ல நெறைய பேருக்கு "ராக்கெட் டெஸ்ட்" அப்படிங்கிறதுக்கு மேல தெரியாது. அங்கதான் எல்விஎம்3 ராக்கெட்டோட மேல் அடுக்குல வர்ற சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சின டெஸ்ட் பண்ணுதாங்க, சந்திரயான்-3 போனது அந்த ராக்கெட்லதான். மைனஸ் 253 டிகிரில திரவ ஹைட்ரஜன், மைனஸ் 183 டிகிரில திரவ ஆக்சிஜன், ரெண்டும் உள்ள போய் எரிஞ்சா சேம்பருக்குள்ள ஆயிரக்கணக்கான டிகிரி சூடு, இந்த ரெண்டு கோடிக்கும் நடுவுல இருக்கது மெல்லிசான ஒரு உலோகச் சுவர்.

இந்த எஞ்சின்ல ஒரு இடத்த மட்டும் கிட்டத்துல வச்சுப் பாரு. நாசில்னா எரிஞ்ச கேஸ் வெளிய போற மணி வடிவக் குழாய், அதோட வாய் அதுல ரொம்ப குறுகின எடமான தொண்டைய விட பரப்பளவுல 100 மடங்கு பெருசு. ஏன்னா இது எரியப் போறது காத்தே இல்லாத உயரத்துல, அங்க கேஸ் எவ்வளவு விரியுதோ அவ்வளவு தள்ளுவிசை கிடைக்கும். விரிஞ்சு விரிஞ்சு வாய்ப்பக்கம் வரும்போது கேஸோட அழுத்தம் சுமார் 50 மில்லிபார்தான், நம்மள சுத்தி இருக்க காத்தோ ஏறக்குறைய 1000 மில்லிபார். இப்போ இதே எஞ்சின பணகுடில தரைல வச்சு அப்படியே எரிய விட்டா என்ன ஆகும்? வெளிக்காத்து இருபது மடங்கு பலத்தோட வாய் வழியா உள்ள நெருக்கும், கேஸ் நாசில் சுவர ஒட்டி வராம நடுவழிலயே பிச்சுக்கிட்டு வரும், அதுவும் சுத்தி ஒரே சீரா பிய்யாது, ஒரு பக்கம் முந்தியும் ஒரு பக்கம் பிந்தியுமா பிய்யும், அதுல நாசில் தாறுமாறா அதிரும், எதிர்பாக்காத இடத்துல சூடேறும், எஞ்சினே சேதமாகலாம். வானத்துல நல்லா ஓடுற எஞ்சின் தரைல சோதிச்சே செத்துப் போகும், அவ்வளவுதான்.

இந்த எடத்துல கணக்கு இல்லாம ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. சுவர விட்டு கேஸ் எங்க பிய்யும், எவ்வளவு பக்கவாட்டு விசை வரும், வெளி அழுத்தத்த எவ்வளவு குறைச்சா பிய்யாம இருக்கும்னு சிஎஃப்டி ஓட்டிப் பாத்தாத்தான் டெஸ்ட் ஸ்டாண்ட எப்படி கட்டணும்னே தெரியும். அதுக்காகத்தான் மகேந்திரகிரில வெற்றிடத்த உண்டாக்கி எஞ்சின பத்த வைக்குற ஹை ஆல்டிடியூட் டெஸ்ட் வசதி இருக்கு, அது செலவும் சிக்கலும் ஜாஸ்தி. 2024 நவம்பர் 29ல இஸ்ரோ இன்னொரு வழிய செஞ்சு காட்டுச்சு, நாசிலுக்கு ஒரு பாதுகாப்பு அமைப்ப மாட்டி தரைமட்டத்துலயே சிஇ-20ய எரிய விட்டாங்க, நூறு மடங்கு நாசிலோட. எனக்கு இது ராக்கெட் ஏவுறத விட பெரிய சந்தோஷம் குடுத்த சேதி, ஏன்னா டெஸ்ட் லேசாச்சுன்னா அதுக்கப்புறம் எத்தனையோ மாத்தங்கள தைரியமா முயற்சி பண்ணலாம்.

அதே எஞ்சின் மனுசங்கள ஏத்திட்டு போக தகுதின்னு 2024 பிப்ரவரில முடிவு பண்ணதுக்கு முன்னாடி நாலு எஞ்சின்ல 39 தடவ எரிய விட்டு மொத்தம் 8810 செகண்ட் ஓட்டியிருக்காங்க, தேவைப்பட்டது 6350 செகண்ட்தான். கம்ப்யூட்டர் இவ்வளவு வளந்த காலத்துலயும் ஏன் இத்தனை தடவ எரிக்காங்கன்னு கேட்டா, அதுக்கு 2010 ஏப்ரல் 15 ஜிஎஸ்எல்வி-டி3 ராக்கெட்தான் பதில். நம்ம சொந்த கிரையோ எஞ்சினோட முதல் பயணம், பத்துச்சு, ஆனா அந்தால ஹைட்ரஜன தள்ளுற பூஸ்டர் டர்போ பம்ப் நின்னு போச்சு, ராக்கெட் கடலுக்குள்ள. மைனஸ் 253ல ஒவ்வொரு பாகமும் வேற வேற அளவுக்கு சுருங்கும், கேசிங் ஒரு அளவு, பேரிங் ஒரு அளவு, சீல் ஒரு அளவு, நடுவுல விட்ட இடைவெளி தலைமுடி கனம் தப்புனாலும் ரோட்டர் பிடிச்சுக்கும். அதுக்கப்புறம் சுருக்கத்தையும் விரிவையும் கணக்குல எடுத்து பம்ப்ப மாத்தி அமைச்சு, வெற்றிட நிலைல பத்த வைக்குற சோதனைகள மகேந்திரகிரில பண்ணி, 2014 ஜனவரி 5ல ஜிஎஸ்எல்வி-டி5 ஜெயிச்சுது. அந்த நடுவுல போன மூணே முக்கால் வருஷத்துல நடந்த வேலை யார் கண்ணுக்கும் தெரியாது, பேப்பர்ல வராது, ஆனா இந்த துறையோட உயிரே அதுதான்.

இதுக்கெல்லாம் வெளிநாட்டு சாஃப்ட்வேர்தான் வேணும்னு நெனைச்சுக்காத. திருவனந்தபுரத்துல இருக்க இஸ்ரோவோட விஎஸ்எஸ்சி மையத்துல ஸ்ட்ரக்சருக்கு "ஃபீஸ்ட்", காத்தோட்டத்துக்கு "பிரவாஹா"ன்னு சொந்தமாவே எழுதி வச்சிருக்காங்க, ககன்யான் ராக்கெட்டோட காத்தியக்க கணக்குல பிரவாஹாவும் உண்டு.

விமானத்துக்கு ஒரே ஒரு உதாரணம் சொல்லுதேன், இறக்கைய ஒடைக்குற டெஸ்ட். பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்ச பாரத்தோட ஒன்றரை மடங்க இறக்கை தாங்கணும்னு விதி. போயிங் 777, முழுக்க கம்ப்யூட்டர்ல வரைஞ்ச முதல் பெரிய பயணிகள் விமானம், 1995ல அதோட இறக்கைய மேல இழுத்து வளைச்சு வளைச்சு 154 சதவீதத்துல ஒடைச்சாங்க. வேண்டியது 150, கிடைச்சது 154, அதாவது தேவைக்கு மேல எடை சேக்கவே இல்ல, கணக்கு அவ்வளவு துல்லியம். 2006ல ஏர்பஸ் ஏ380 இறக்கை 150ஐ தொடுறதுக்கு கொஞ்சம் முன்னாடி, 145ஐ தாண்டின எடத்துல ஒடைஞ்சுது. பத்திரிகைல எல்லாம் தோல்வின்னு எழுதினாங்க. எஞ்சினியரா பாத்தா, ஒரு ஏழு மாடி உயர விமானத்தோட இறக்கை எங்க ஒடையும்னு போட்ட கணக்கு மூணு நாலு சதவீதத்துக்குள்ள சரியா வந்திருக்கு. அந்த டேட்டாவ வச்சு கணக்க திருத்தி, தேவையான எடத்துல மட்டும் கொஞ்சம் பலப்படுத்தி, அதே வருஷம் டிசம்பர்ல சான்றிதழ் வாங்கிட்டாங்க, இன்னொரு இறக்கைய செஞ்சு ஒடைக்கல.

ஆனா கணக்குக்கு ஒரு எல்லை உண்டு, அத மறந்தா உயிர் போகும். 2003 பிப்ரவரி 1, கொலம்பியா ஷட்டில், கல்பனா சாவ்லாவோட சேத்து ஏழு பேர். கிளம்பும்போது வெளி டேங்க்ல இருந்து ஒரு ஃபோம் துண்டு பிச்சுக்கிட்டு இடது இறக்கைல மோதுச்சு. ஷட்டில் மேல இருக்கும்போதே எஞ்சினியர்கள் "கிரேட்டர்"னு ஒரு புரோகிராம்ல ஓட்டிப் பாத்தாங்க. அந்த புரோகிராம சரிபாத்த டெஸ்ட்ல பயன்படுத்தினது சின்ன சின்னத் துண்டு, நெசமா மோதினது அத விட நூத்துக்கணக்கான மடங்கு பெருசு. சூட்டுல இருந்து காக்குற டைலுக்கு ஆழமா சேதம்னுதான் அந்த புரோகிராம் சொல்லுச்சு, ஆனா இந்த புரோகிராம் எப்பவும் கூட்டித்தான் சொல்லும்னு தள்ளிட்டாங்க. விபத்துக்கு அப்புறம் அதே அளவு ஃபோம அதே வேகத்துல இறக்கையோட முன்விளிம்பு பேனல்ல சுட்டுப் பாத்தா ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் ஓட்டை. நீ எந்த மாடல ஓட்டினாலும் இது எந்த அளவு வரைக்கும் சரிபாத்த மாடல்னு முதல்ல கேளு. இத நான் ஜூனியர்கள் கிட்ட கடுமையாவே சொல்லுவேன்.

இனி ஸ்போர்ட்ஸ். நெறைய பேரு இத விளையாட்டுத்தனமான வேலைன்னு நெனைக்காங்க, எனக்கு அப்படி தோணல, சில கணக்கு ராக்கெட்ட விட கஷ்டம்.

சைக்கிள் ரேஸ எடு. போட்டி வேகத்துல சைக்கிள்காரன் போடுற சக்தில ஏறக்குறைய 90 சதவீதம் காத்த கிழிக்கத்தான் போகுது. கூட்டமா போனா பின்னாடி வர்றவனுக்கு லேசுன்னு எல்லாருக்கும் தெரியும், எவ்வளவு லேசுன்னுதான் தெரியாம இருந்துச்சு, நாலஞ்சு பேரு வரிசைல போற டெஸ்ட்ட வச்சு தனியா ஓட்டுறத விட பாதி, இல்ல பாதிக்கு கொஞ்சம் கூடன்னு சொல்லிட்டு இருந்தாங்க. 2018ல பெர்ட் பிளாக்கன்ங்கிற காத்தியக்க ஆராய்ச்சியாளரோட குழு 121 சைக்கிள்காரங்க கூட்டத்த அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள வச்சாங்க, ஏறக்குறைய 300 கோடி அறை, சூப்பர் கம்ப்யூட்டர்ல. ஒடம்ப ஒட்டி வர்ற காத்துப் படலம்தான் எல்லாத்தையும் தீர்மானிக்கும்ங்கிறதால தோலுக்குப் பக்கத்துல அறையோட அளவு 0.02 மில்லிமீட்டர். வந்த விடை, நடுக்கூட்டத்துக்கு பின்பக்கம் இருக்கவனுக்கு காத்தோட தடை தனியா போறவனுக்கு இருக்கதுல வெறும் 5ல இருந்து 10 சதவீதம். கூட்டம் 54 கிலோமீட்டர் வேகத்துல போகும்போது அவனுக்கு 12, 15 கிலோமீட்டர் வேகத்துல சைக்கிள் மிதிக்க அளவு காத்துதான். யாரும் நம்ப மாட்டாங்கன்னு அவங்களுக்கே தெரியும் போல, நெச அளவுல கால்வாசியா 121 பொம்மைய செஞ்சு காத்துச் சுரங்கத்துல (விண்ட் டனல்) வச்சு அளந்தும் காட்டினாங்க, ஒத்து வந்துச்சு.

இதே காரியம் நம்ம ஊர்ல தலைகீழா நடக்கு, கவனிச்சிருக்கியா. கயத்தாறு, முப்பந்தல், ராதாபுரம் பக்கமெல்லாம் காத்தாடி வரிசை வரிசையா நிக்குல்லா, முன்னாடி நிக்க காத்தாடி காத்துல இருந்து சக்திய எடுத்துட்டா பின்னாடி நிக்கதுக்கு வேகம் குறைஞ்ச, கலங்கின காத்துதான் வரும். சைக்கிள்காரனுக்கு வரம், காத்தாடிக்கு நட்டம். காத்து வேகம் பத்து சதவீதம் குறைஞ்சா அதுல இருக்க சக்தி 27 சதவீதம் போயிடும், ஏன்னா சக்தி வேகத்தோட மும்மடிப் பெருக்கம். அதனாலதான் ஒரு காத்தாடிக்கும் அடுத்ததுக்கும் விசிறி விட்டத்தப் போல அஞ்சாறு மடங்கு இடம் விடுதாங்க, ஆடி மாசக் காத்து எந்த திசைல ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வரும்னு பாத்து வரிசைய கொஞ்சம் தள்ளி அமைக்காங்க. கயத்தாறுல மத்திய அரசோட காத்தாடி சோதனை நிலையமே இருக்கு. சைக்கிளுக்கு ஓட்டுற அதே சமன்பாடு, அதே சாஃப்ட்வேர்.

2019 அக்டோபர் 12ல வியன்னால எலியுட் கிப்சோகே மாரத்தான 1 மணி 59 நிமிஷம் 40 செகண்ட்ல ஓடினார்ல, அதுலயும் இந்த வேலை உண்டு. வழக்கமா அம்பு முனை மாதிரி ஒருத்தர் முன்னாடி, மத்தவங்க விரிஞ்சு பின்னாடின்னு ஓடுவாங்க. சிஎஃப்டி ஓட்டிப் பாத்து அத திருப்பிப் போட்டாங்க, முன்னாடி அஞ்சு பேரு வாய் விரிச்ச வடிவத்துல, பின்னாடி ரெண்டு பேரு, நடுவுல அவர். துணைக்கு ஆள் மாத்தி மாத்தி ஓடினதால சாதனைக் கணக்குல சேக்கல, ஆனா மனுசக் கால் ரெண்டு மணிக்குள்ள ஓடும்னு தெரிஞ்சுது.

நீச்சல்ல வேற கதை. 2008 பெய்ஜிங்குக்கு முன்னாடி ஸ்பீடோ கொண்டாந்த எல்இசட்ஆர் ரேசர் டிரஸ், துணிய நாசா காத்துச் சுரங்கத்துல சோதிச்சு, ஒடம்புல எந்த இடத்துல தண்ணி இழுக்குன்னு சிஎஃப்டில பாத்து அங்க பேனல் வச்சு தச்சது. அத பாத்து மத்த கம்பெனிகளும் முழுக்க பாலியூரித்தேன்ல இறங்க, 2009 ரோம் உலகப் போட்டில மட்டும் 43 உலக சாதனை. 2010 ஜனவரி 1ல இருந்து துணி டிரஸ் மட்டுந்தான்னு தடை போட்டுட்டாங்க. தடை சரிதான்னு நான் நெனைக்கேன், காசு இருக்கவன் டிரஸ் வாங்கி ஜெயிக்கிறது போட்டி இல்ல.

கிரிக்கெட்டுக்கு வா, உனக்கு இது பிடிக்கும். சங்கர் நகர் கிரவுண்டுல டிஎன்பிஎல் மேட்ச்ல புது பால் ஸ்விங் ஆகுதே, அது எப்படின்னு 1983லயே ரபி மேத்தாவும் கூட இருந்தவங்களும் நேச்சர் இதழ்ல எழுதிட்டாங்க, மேத்தா பிறகு நாசாவுல காத்தியக்க ஆராய்ச்சி பண்ணவர். தையல கொஞ்சம் சாய்ச்சுப் போட்டா தையல் பக்கம் காத்துப் படலம் கலங்கி பால ஒட்டிக்கிட்டு பின்னாடி வரைக்கும் போகும், மொழுமொழுன்னு இருக்க பக்கம் சீக்கிரமே பிய்யும், இந்த வித்தியாசம் பால ஒரு பக்கம் தள்ளும். அவங்க அளந்ததுல மணிக்கு 110 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் ஸ்விங் அதிகம், அதனாலதான் மிதவேகக்காரன் புது பால்ல பேட்ஸ்மேன ஆட்டுதான். ஆனா இத கம்ப்யூட்டர்ல கொண்டு வா பாப்போம்! படலம் எந்த இடத்துல கலங்க ஆரம்பிக்குங்கிறத சாதாரண டர்புலன்ஸ் (காத்துக் கலக்கம்) மாடல் ஒழுங்கா பிடிக்காது, பல மாடல் முழுப் படலமும் முதல்ல இருந்தே கலங்கி இருக்குன்னு எடுத்துக்கும், அப்போ ஸ்விங்கே வராது. நாசில் கணக்கு சரியா வர்றவனுக்கு பால் கணக்கு தப்பா வரலாம், விஷயம் அம்புட்டு நுணுக்கம்.

ஃபார்முலா ஒன்ல ரெண்டு பாடம். 2010ல வர்ஜின் டீம் காத்துச் சுரங்கமே வேண்டாம், முழுக்க சிஎஃப்டின்னு கார் செஞ்சாங்க, வேகம் கிடைக்கல, அடுத்த வருஷமே அந்த வழிய விட்டாங்க. 2022ல விதி மாறி அடிப்பக்கம் காத்த உறிஞ்சி தரையோட அமுக்குற கார் வந்தப்போ நேர் ரோட்டுல வேகமா போகும்போது கார் தவ்வி தவ்வி ஆடுச்சு, மெர்சிடஸ் மாதிரி பெரிய டீமுக்கே அது முன்கூட்டி சரியா தெரியல. காத்து தள்ள சஸ்பென்ஷன் அமுங்க, அமுங்கினதால காத்து மாற, இது ரெண்டும் சேந்து ஆடுறத தனித்தனியா ஓட்டின கணக்கு பிடிக்காது. அந்த துறைல ஜெயிச்ச டீமுக்கு அடுத்த வருஷம் சுரங்க நேரமும் சிஎஃப்டி அளவும் குறைச்சுத்தான் குடுக்காங்க, கணக்கோட மதிப்பு என்னன்னு அதுல இருந்தே தெரியும்.

உன் ரெண்டாவது கேள்வி. லைசென்ஸ் காசு கொடுக்க வேண்டாம், சிஎஃப்டிக்கு ஓபன்ஃபோம் இலவசம், எஸ்யு2 இலவசம், ஸ்ட்ரக்சருக்கு கால்குலிக்ஸ், இறக்கைக் குறுக்குவெட்டு பாக்க எக்ஸ்ஃபாயில். ஐஐடி பாம்பே ஃபாஸ்ஸீ ப்ராஜெக்ட்ல ஓபன்ஃபோமுக்கு பாடம் வச்சிருக்காங்க, அத பாரு. எடுத்த எடுப்புலயே ராக்கெட் நாசில், ஃபார்முலா ஒன் கார்னு இறங்காத, படம் அழகா வரும், சரியா தப்பான்னு உன்னால சொல்ல முடியாது. முதல்ல ஒரு உருளைய காத்துக்கு குறுக்க வை, ரெனால்ட்ஸ் எண் (வேகம், அளவு, பிசுபிசுப்பு மூணையும் சேத்து சொல்லுற எண்) 100ல ஓட்டு, பின்னாடி சுழல் மாறி மாறி உதிரும், அது எத்தனை வேகத்துல உதிருதுன்னு சொல்லுற ஸ்ட்ரூஹல் எண் 0.16, 0.17 பக்கம் வரணும். வரலைன்னா மெஷ்ஷ பாரு, டைம் ஸ்டெப்ப பாரு, ஓரச் சுவர் ரொம்ப கிட்ட இருக்கான்னு பாரு. வந்த பிறகு மெஷ்ஷ ரெண்டு மடங்கு நெருக்கி மறுபடி ஓட்டு, விடை மாறுச்சுன்னா முதல் விடைய நம்பாத. அடுத்து நாகா 0012னு பேரு உள்ள இறக்கைக் குறுக்குவெட்டு, அதுக்கு அளந்த டேட்டா நாசா வெளிப்படையாவே போட்டிருக்கு.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு யோசனை. ஒண்ணு பின்னாடி ஒண்ணா ரெண்டு காத்தாடிய வை, விசிறிய வட்டத் தட்டா எடுத்துக்கிட்டா உன் லேப்டாப்பே தாங்கும், நடுவுல இருக்க தூரத்த விட்டத்துல மூணு மடங்கு, அஞ்சு மடங்கு, ஏழு மடங்குன்னு மாத்தி பின்னாடி காத்தாடிக்கு எவ்வளவு சக்தி கிடைக்குன்னு கிராஃப் போடு. வைவால கேக்குற முதல் கேள்வியே "இத எதோட சரிபாத்த"ன்னுதான் இருக்கும், அதுக்கு உருளை, நாகா ரெண்டோட ரிசல்ட்டையும் ரிப்போர்ட்ல மூணாவது சேப்டரா வச்சிரு. மெஷ் போடும்போது எங்கயாவது மாட்டிக்கிட்டா செக்மெஷ் (ஓபன்ஃபோம்ல மெஷ்ஷ சோதிக்குற கட்டளை) குடுத்த மெசேஜ முழுசா காப்பி பண்ணி அனுப்பு, பாத்து சொல்லுதேன்.